சுவர் இல்லாத கேட்

செய்தி வந்தபோது காலை பதினொன்று பத்து. கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளர் ஒருவர் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, எதிர்ச்சுவர்ப் பலகையில் இருந்த எழுத்துகளை மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் அடுத்த வில்லையைத் துடைத்துக் கையில் வைத்திருந்தார். மேசை மேல் போன் அதிர்ந்து அதிர்ந்து விளிம்பு வரை நகர்ந்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் அக்கா. கடை நேரத்தில் அக்கா கூப்பிடுவதே கிடையாது.

"தம்பி, அத்தான் போயிட்டார்டா," என்றாள். அழுகை இல்லை. பிறகு, "கேட் பக்கத்துலயே," என்றாள்.

வாடிக்கையாளர் இது எதுவும் தெரியாமல் கடைசி வரியையும் வாசித்து முடித்து, "சரியா இருக்கா?" என்று கேட்டார். சரிதான் என்றார் கடைக்காரர். இரண்டு எழுத்து தப்பு. அவரை நாளைக்கு மறுபடி வரச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வில்லையை உறைக்குள் போட்டார். எந்த உறை என்று பார்க்கவில்லை.

ஐம்பதைத் தாண்டியும் வீட்டில் அவர் தம்பிதான். அக்காவுக்குத் தம்பி, அக்காள் மகளுக்கு மாமா. அத்தானுக்கு மட்டும் மாப்ள. அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட இனிமேல் ஆள் இல்லை என்பது ஷட்டரைப் பாதி இறக்கியபோதுதான் உறைத்தது. மீதியை இறக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அத்தானை ஊர் கேட்காரர் என்றுதான் சொல்லும். கல்யாணமான புதிதில் அவர் மாவு மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். ஒரு நாள் தோள் மூட்டு நழுவியது. எலும்பு திரும்பப் பொருந்தினாலும் பழைய பலம் திரும்பவில்லை. கைக்குழந்தையோடு அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற அந்தச் சமயத்தில்தான் நகராட்சி பூங்கா கட்டப்போவதாக அறிவித்தது.

ஊரின் கிழக்குக் கோடியில், வீடுகள் முடிந்து இடுகாடு தொடங்குவதற்கு முன்னால், ஒரு பெரிய வெட்டவெளி கிடந்தது. அங்கே புல்தரை, நடைபாதை, ஊஞ்சல், நடுவில் ஒரு நீரூற்று எல்லாம் வருவதாக ஏற்பாடு. வரைபடத்தைக் கண்ணாடி போட்டு அலுவலக வாசலில் மாட்டியிருந்தார்கள். மரங்களெல்லாம் பச்சைப் பொட்டுகள். நடைபாதையில் குடை பிடித்துக்கொண்டு தனியாக நடந்துபோகும் ஒரு பெண்ணையும் யாரோ ஆசையாக வரைந்து வைத்திருந்தார்கள். அத்தானுக்கு அந்தப் படத்தில் மிகவும் பிடித்தது அவள்தான். வெயில் காலத்தில், "அந்தக் குடைக்காரம்மா இன்னும் கிளம்பலையா?" என்பார். மழைக் காலத்தில், "நல்லவேளை, குடை வச்சிருக்காங்க," என்பார். இதைச் சொல்லிச் சொல்லியே அக்காவிடம் பல வருஷம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அந்தத் திட்டத்திலேயே சொன்ன தேதிக்கு வேலையை முடித்த ஒரே ஆள் கேட் செய்த கொல்லர். அதுதான் வினையாகப் போயிற்று. கட்டடக்காரர்கள் இரண்டு பேர் சுற்றுச்சுவர் வேலை யாருக்கு என்று வழக்குப் போட்டுக்கொண்டிருக்க, இரண்டு கல்தூண்களும் ஆளுயரத்துக்கு மேல் இரண்டு இரும்புக் கதவுகளும் வெட்டவெளியில் வந்து நின்றுவிட்டன. வலது கதவுக்குள் ஒருவர் குனிந்து போகிற அளவுக்குத் திட்டிக்கதவு ஒன்று. விலை உயர்ந்த இரும்பு. காவலுக்கு ஆள் வேண்டாமா? அப்படித்தான் பூங்கா வருவதற்கு முன்பே அதற்கு வாட்ச்மேன் வந்துவிட்டார்.

காலை ஆறு மணிக்குத் திட்டிக்கதவைத் திறக்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு விசில் ஊதிப் பூட்ட வேண்டும். பெரிய கதவுகள் இரண்டும் திறப்பு விழா அன்றைக்குத்தான் திறக்கும். இது அவருக்குச் சொல்லப்பட்ட வேலை. சுவர் இல்லையே என்ன செய்ய என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

முதல் மாதம் ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. எதிரே கடை வைத்திருந்த ரொட்டிக்கடைக்காரர் ஒரு சாயங்காலம் மாவுக் கையோடு வந்து நின்று, "பூட்டிட்டீங்களா? திருடன் பாவம், இனிமே சுத்திக்கிட்டுல வரணும்," என்றார்.

அத்தான் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, "சுத்திக்கிட்டு வந்தா திருடன்னு தெரிஞ்சுடும்ல. அதுக்குத்தான் கேட்," என்றார்.

அன்றிலிருந்து அவர்கள் இருவரும் சிநேகிதர்கள்.

தூண்களைச் சுற்றிக்கொண்டு போகிறவர்களை அத்தான் தடுத்ததே இல்லை. திட்டவும் இல்லை, விசிலும் ஊதவில்லை. அவர்களைப் பார்க்கவே மாட்டார், அவ்வளவுதான். பக்கத்தில் யானையே போனாலும் அவர் பார்வை கதவு மேல்தான் இருக்கும். ஆனால் திட்டிக்கதவு வழியாகக் குனிந்து வருகிறவர்களை, "வாங்க, வாங்க," என்று எழுந்து நின்று வரவேற்பார். கால் வலி எப்படி இருக்கு, பையனுக்கு வேலை கிடைச்சுதா, நேத்து ஏன் காணோம் என்று ஒவ்வொருவரையும் விசாரிப்பார். உள்ளே போய்ப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. காய்ந்த புல், சில கருங்கற்கள், தானாக முளைத்த ஒரு வேம்பு. அந்தப் பக்கம் போய் நின்று காற்று வாங்கிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். போகும்போதும், "நாளைக்கு வாங்க," என்று வழியனுப்புவார்.

மனுஷர்களுக்கு விசாரிப்பு என்றால் ஒரு பலவீனம் இருக்கிறது. முதலில் பக்கத்துத் தெருப் பெரியவர்கள் சிலர் தூணைச் சுற்றுவதை விட்டுவிட்டுக் குனிந்து வர ஆரம்பித்தார்கள். பிறகு கல்லூரிப் பிள்ளைகள் சைக்கிளைத் தூக்கித் திட்டிக்கதவுக்குள் நுழைத்துக்கொண்டு வந்தார்கள், கிண்டலுக்காக. கிண்டல் கொஞ்ச நாளில் பழக்கமாகிவிட்டது. கேட்காரர் இருக்கும்போது சுற்றிப் போவது அவ்வளவு மரியாதை இல்லை என்று ஊருக்குள் ஓர் எண்ணம் எப்படியோ படிந்துவிட்டது. வெளியூர்க்காரர்கள் அந்த வெட்டவெளியில் ஆட்கள் வரிசையாகக் குனிந்து குனிந்து ஒரு கதவுக்குள் நுழைவதைப் பார்த்து வண்டியை நிறுத்தி, என்ன விசேஷம் என்று கேட்பார்கள்.

அக்காள் மகள் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் வருவாள். ஒரு நாள் தோழிகளோடு ஓடி வந்தவள் அவசரத்தில் தூணுக்கு அந்தப் பக்கமாக உள்ளே வந்துவிட்டாள். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா, அப்பா என்று கூப்பிட்டும் பதில் இல்லை. அழாத குறை. வெளியே போய்த் திட்டிக்கதவு வழியாக வந்ததும், "வாம்மா, இன்னிக்கு என்ன இவ்வளவு லேட்டு?" என்று அள்ளிக்கொண்டாராம். அவள் நர்ஸாகி வேற்றூர் போன பிறகும் இந்தக் கதையை வாரத்துக்கு ஒரு தரமாவது யாரிடமாவது சொல்வாள். சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் கோபம் மிச்சம் இருக்கும்.

வழக்கு முடிந்தது, பணம் இல்லை என்றார்கள். பணம் வந்தது, திட்டத்தை மாற்ற வேண்டும் என்றார்கள். அலுவலக வாசலில் இருந்த வரைபடம் வெயிலில் வெளுத்து, மரங்கள் முதலில் மறைந்தன. பிறகு குடை மறைந்தது. அத்தான் மாதம் ஒரு முறை பெரிய பூட்டுக்கு எண்ணெய் விடுவதை நிறுத்தவில்லை. அவருக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை, அதை அவர் மறைத்ததும் இல்லை. திறப்பு விழாவுக்கு யார் வேண்டுமானாலும் வரட்டும், நாடாவை யார் வேண்டுமானாலும் வெட்டட்டும். அந்த இரண்டு கதவையும் தள்ளித் திறப்பது தன் கையாக இருக்க வேண்டும். "பூட்டிப் பூட்டியே காலம் போச்சு மாப்ள. ஒரு தடவை திறந்துட்டுப் போயிடணும்," என்பார்.

பெரிய சாவி எங்கே இருக்கிறது என்று தம்பி ஒருமுறை கேட்டிருக்கிறார். அப்போது எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "உங்க அக்கா கையிலதான் தினமும் இருக்கு," என்றார் அத்தான். தன் தலையில் இதையும் கட்டப் பார்க்கிறார் என்று அக்கா கரண்டியைக் காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

அத்தான் போவதற்கு மூன்று நாள் முன்னால், திங்கட்கிழமை, நகராட்சிக்குப் புதிதாக வந்த அதிகாரி நேரில் வந்தார். நல்ல மனிதர். திட்டிக்கதவு வழியாகத்தான் வந்தார். பூங்காத் திட்டத்தை அடியோடு கைவிட்டாயிற்று, அங்கே குப்பை லாரிகள் நிறுத்தும் இடம் வருகிறது, மாதக் கடைசியில் கேட்டைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள், கவலைப்பட வேண்டாம், ஓய்வு பெறும் வரை அலுவலகத்திலேயே வேலை உண்டு என்று பக்குவமாகச் சொன்னார். அத்தான் கேட்டது ஒன்றே ஒன்று. கழற்றுவதற்கு முன்னால் ஒரு தரம் திறந்து பார்க்கலாமா? தாராளமாக என்றார் அதிகாரி.

அன்று மாலை அத்தான் கண்ணாடிக் கடைக்கு வந்து, பார்வை சோதிக்கும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் சொன்னார். இத்தனை வருஷக் காவலுக்கு இதுதானா என்று தம்பியின் குரல் கொஞ்சம் தடித்தது. அத்தான் அதைக் காதில் வாங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"வர்ற ஞாயித்துக்கிழமை திறக்கலாம்னு இருக்கேன் மாப்ள. நீ வா, அக்காவைக் கூட்டிட்டு வா. ரொட்டிக்கடைக்காரர்கிட்ட சொல்லிட்டேன். மகளுக்கு லீவு கிடைக்குமான்னு கேக்கணும்."

"திறந்து?"

"திறந்து என்ன? எல்லாரும் நிமிர்ந்து உள்ள வரலாம்ல."

பிறகு, பெயின்ட் உரிந்து கிடக்கிறது, அப்படியே திறந்தால் நன்றாக இருக்காது என்றார். பழைய பச்சை இப்போது கடையில் கிடைப்பதில்லை என்று இரண்டு டப்பாக்களை வாங்கித் தானே கலக்கினார். புதன்கிழமை வலது கதவு முடிந்தது. வியாழக்கிழமை காலை இடது கதவை மேலிருந்து தொடங்கிப் பாதி வரை வந்தவர், களைப்பாக இருக்கிறதென்று ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். தூணில் சாய்ந்தபடி இருந்தவரைப் பார்த்துத் தூங்குகிறார் என்று நினைத்த ரொட்டிக்கடைக்காரர், தேநீர் ஆறிப்போகுமே என்றுதான் எழுப்பப் போனார்.

மகள் ராத்திரி வந்து சேர்ந்தாள். மறுநாள் காலை அத்தானை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். இடுகாட்டுக்கு அந்த வெட்டவெளியைக் கடந்துதான் போக வேண்டும். எத்தனையோ வண்டிகள் அப்படிப் போயிருக்கின்றன. இடது தூணுக்கு அந்தப் பக்கம் சக்கரத் தடமே ஒரு பாதையாகிக் கிடந்தது.

வண்டியோட்டி வெளியூர்க்காரர். கேட் பூட்டியிருப்பதைப் பார்த்ததும் அவர் பாட்டுக்கு ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தார். ரொட்டிக்கடைக்காரர் முன்னால் போய் வண்டியின் மூக்கில் கையை வைத்தார்.

"அந்தப் பக்கம் வேண்டாம்பா."

"ஏன், அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அதான் வேண்டாங்கிறேன்."

வண்டியோட்டி குழம்பிப்போய்ப் பின்னால் வருகிறவர்களைப் பார்த்தார். பின்னால் நல்ல கூட்டம். பெரியவர்கள், பழைய கல்லூரிப் பிள்ளைகள், அவர்களுடைய பிள்ளைகள். யாரும் தூணைச் சுற்றிப் போகவில்லை. இரண்டு பக்கமும் விரியத் திறந்து கிடந்த வெளியில், பூட்டிய கேட்டுக்கு முன்னால், எல்லாரும் நின்றார்கள். திட்டிக்கதவு திறந்துதான் இருந்தது, அதற்குள் வண்டி போகாது. வேண்டுமானால் இறக்கித் தூக்கிக்கொண்டு போகலாமா என்று யாரோ மெல்லக் கேட்டார்கள். வண்டியின் முன்னிருக்கையில் மகளோடு உட்கார்ந்திருந்த அக்கா தலையை வெளியே நீட்டினாள்.

"குனிஞ்சு போக வேண்டாம். ஞாயித்துக்கிழமை திறக்கறேன்னார். இன்னிக்கே திறந்துடுங்க," என்றாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

சாவி. அத்தானின் சட்டைப்பையில் இருந்தது திட்டிக்கதவின் சாவி மட்டும். தம்பி அக்கா வீட்டுக்கு நடந்தார். முழங்கால் ஒத்துழைத்த அளவுக்கு ஓடினார். அலமாரி, பெட்டி, தலையணைக்கு அடியில், யூனிஃபார்ம் மாட்டும் ஆணி எல்லாம் பார்த்தாயிற்று. பூட்டை உடைத்துவிடலாம், கொல்லர் வீடு அடுத்த தெருவில்தான். இத்தனை வருஷம் எண்ணெய் விட்ட பூட்டை, அவர் போகிற அன்றைக்கா உடைப்பது என்று அந்த யோசனையை விட்டுவிட்டார். சமையலறையில் போய் நின்றார்.

அக்கா கையில்தான் தினமும் இருக்கு.

அக்கா கையில் தினமும் என்ன இருக்கும்? கரண்டி, அடுப்பு, குழாய், துடைப்பம். சமையலறை ஜன்னலின் ஒற்றைக் கதவு காற்றுக்கு நிற்காமல் அடித்துக்கொள்ளும். அதற்காகக் கொக்கியில் கயிறு கட்டி, நுனியில் துணி சுற்றிய ஓர் இரும்புத் துண்டை அத்தான் தொங்கவிட்டிருந்தார். குடிவந்த நாளிலிருந்து அக்கா காலையில் அதை இழுத்து ஜன்னலைத் திறக்கிறாள், ராத்திரி இழுத்து மூடுகிறாள். மாதம் பிறந்தால் அந்தத் துணி எண்ணெய்ப் பிசுக்காக நாறுகிறது, கையெல்லாம் மில் வாடை அடிக்கிறது என்று சண்டை பிடிப்பாள். இரும்பென்றால் எண்ணெய் கேட்கும் என்பார் அத்தான்.

தம்பி துணியைப் பிரித்தார். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு சாவி, ஒரு பொட்டுத் துரு இல்லாமல்.

கேட்டுக்குத் திரும்பி ஓடிவந்து, வண்டிக்குள் இருந்த அக்காவிடம் அதைக் காட்டினார். கையை நீட்டி வாங்கி, முகர்ந்து பார்த்துவிட்டு, "இதானா," என்றாள். அப்போதுதான் முதல் முதலாக அழுதாள். கொஞ்சம் சிரிப்பும் அதில் இருந்தது.

பூட்டு சத்தமே போடாமல் திறந்தது. கதவுகள்தான் அசையவில்லை. அடியில் புல் வேர்விட்டு இறுகியிருந்தது. ரொட்டிக்கடைக்காரரும் பழைய கல்லூரிப் பிள்ளைகளும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். முதலில் வலது, பிறகு இடது. இடது கதவின் மேல்பாதியில் கம்பிகளின் உள்விளிம்பு இன்னும் காயவில்லை. தள்ளியவர்கள் கையெல்லாம் பச்சை. வண்டி உள்ளே போனது. பின்னால் எல்லாரும் போனார்கள், யாரும் குனியாமல். பழக்க தோஷத்தில் ஒரு பெரியவர் மட்டும் தலையைத் தாழ்த்திக்கொண்டு போய், பிறகு சுதாரித்து நிமிர்ந்தார்.

எல்லாம் முடிந்து திரும்பும்போது பூட்டட்டுமா என்று தம்பி கேட்டார். அவர் பெரிய கேட்டைப் பூட்டச் சொல்லி எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை என்றாள் அக்கா. மகள் சாவியைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனார்கள். சொல்லியனுப்பாமலேயே இருபது முப்பது பேர் வந்திருந்தார்கள். சிலர் உள்ளே போய் வேம்படியில் நின்றார்கள். குழந்தைகள் இரண்டு கதவிலும் தொற்றிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடின. கீல்கள் அதற்காகவே காத்திருந்தது போலச் சுழன்றன. யாரும் யாரையும் விரட்டவில்லை. லேசாகத் தூறியது. அக்கா குடையை விரித்துக்கொண்டு, யாருக்கும் காத்திராமல், தனியாக வெளியின் நடுவே நடந்து போனாள். தம்பிக்கு ஒன்று தோன்றியது. மகளைப் பார்த்தார், அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்டைக் கழற்றுவதற்குள் மீதிப் பாதியை அடித்து முடித்துவிடுவதாகத் தம்பி அக்காவிடம் சொல்லியிருந்தார். அத்தானின் டப்பா மூடாமல் கிடந்து, பெயின்ட் தோல் கட்டி அடிவரை இறுகியிருந்தது. கடையில் இரண்டு பச்சைகளை வாங்கிவந்து, அவர் கலக்கியது போலக் கலந்து கலந்து பார்த்தார். ஒன்று கூடினால் ஒன்று குறைந்தது. பத்துப் பதினைந்து அட்டைகளில் பூசிக் கடை ஜன்னலில் காயவைத்திருந்தார். கண்ணுக்கு வில்லை பொருத்துகிறவர், அவருக்கே அந்த நிறம் பிடிபடவில்லை.

மாதக் கடைசியில் லாரி வந்தது. கதவுகளைத் தூக்கிப் படுக்கவைத்துக் கட்டினார்கள். இடது கதவின் கீழ்ப்பாதி பழைய நிறத்திலேயே இருந்தது.